இத்தாலிப் பயணத் திட்டம்: மூலபாடமும் இடைச்செருகலும்

இக்கட்டுரை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளும் நூல் ஒரு கூகுள் ஷீட். இயற்றப்பட்ட இடம் பிரிக்பீல்ட்ஸ், பரவிய இடம் கிள்ளான், பெயர் 'இத்தாலி ஃபைனல்'. 'இத்தாலி ஃபைனல் 2', 'இத்தாலி ஃபைனல் இதுதான்' என்ற பெயர்களில் வேறு இரு படிகளும் கிடைத்துள்ளன. நூலாசிரியர் கே.எல். சென்ட்ரல் அருகே ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெண். கணவரோடு முதல் தடவையாக இத்தாலிக்குப் போகலாமே என்று இதை எழுதினார். அவர் மட்டுமே எழுதியிருந்தால் ஆய்வுக்கே இடமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் தாய் வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவிய சூட்டோடு, நூலின் இணைப்பைக் குடும்பப் புலனக் குழுவில் போட்டுவிட்டார். பார்க்கும் உரிமையோடு போட்டிருந்தாலாவது தப்பித்திருக்கலாம். போட்டது திருத்தும் உரிமையோடு.

உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்து முடிப்பதற்குள் பட்ட பாடு ஊரறிந்தது. எது புலவர் வாக்கு, எது ஏடெழுதினவர் கைச்சரக்கு என்று ஏடு ஏடாக ஒப்பிட்டுப் பார்த்தார். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. கூகுள் ஷீட்டில் 'பதிப்பு வரலாறு' என்றொரு வசதி உண்டு. எந்த வரியை யார் எத்தனை மணிக்குச் செருகினார் என்று நிறம் பிரித்துக் காட்டிக்கொடுத்துவிடும். செருகல்களில் பெரும்பாலானவை இரவு பதினொன்றுக்கு மேல் நிகழ்ந்திருக்கின்றன. பயணம் போகிறவர்கள் அந்நேரம் தூங்கிவிட்டார்கள், போகாதவர்கள்தாம் விழித்திருந்தார்கள்.

மூலபாடம் வருமாறு: "ரோம் 3 இரவு. பிளாரன்ஸ் 3 இரவு. நடக்கணும். நல்லா சாப்பிடணும்."

அவ்வளவுதான். சுருங்கச் சொல்லலுக்கும் விளங்க வைத்தலுக்கும் இனி வேறு எடுத்துக்காட்டுத் தேட வேண்டியதில்லை. இந்த நான்கு வரிதான் கடைசிப் படியில் ஆறு ஊர், ஓர் ஏரி, ஒரு கார்க் கண்காட்சியகம், ஒரு பந்துத் திடல், அரை நாள் சுவிட்சர்லாந்து என்று பெருகிக் கிடக்கிறது. பச்சை நிறக் கட்டம் ஒன்றைக் கிட்டப் போய்ப் பார்ப்போம்: "7.15 – 7.40 ட்ரெவி நீரூற்று (காசு போடணும், மறக்காதே)". அடுத்த கட்டம்: "7.40 – 8.05 ஸ்பானியப் படிக்கட்டு". ஒன்றிலிருந்து மற்றதற்கு நடந்து போக ஒரு நிமிடம்கூட ஒதுக்கவில்லை. இவ்வரியை எழுதியவர் மனிதர்கள் கட்டத்திலிருந்து கட்டத்துக்குத் தாவுவார்கள் என்று கொண்டார் போலும்.

ஆறு இரவு ஏன் என்று கேட்பாரும் உளர். கடப்பிதழில் தடையில்லை. மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவர் ஷெங்கன் நாடுகளில் விசா இல்லாமலே 180 நாளில் 90 நாள் தங்கலாம். தடை லீவில் இருக்கிறது. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு, இரண்டாண்டு சேவை நிறையாதவருக்கு ஆண்டுக்கு 8 நாள், ஐந்தாண்டு நிறையாதவருக்கு 12, அதற்கு மேல் 16. தீபாவளிக்கு முந்தின நாள், ஒரு கல்யாணம், ஒரு கருமாதி, கார் பழுது என்று எடுத்தது போக ஐந்து நாள் மிஞ்சினால் பெரிது. இரு பக்கமும் சனி ஞாயிறை ஒட்டி ஒன்பது நாளாக்கலாம். போக, வர, தோஹாவிலோ இஸ்தான்புல்லிலோ விமானம் மாற என்று கழித்தால் கையில் நிற்பது ஆறு இரவு. அந்த ஆறு இரவைத் தொண்ணூறு நாளாகப் பாவிப்பதே பிற்சேர்க்கைகள் அனைத்துக்கும் பொதுவான இலக்கணம்.

இனி இடைச்செருகல்களைக் காண்போம். மிலானைச் சேர்த்தவர் நூலாசிரியரின் தம்பி. 1926இல் திறந்த சான் சீரோ திடலை வெளியிலிருந்தாவது பார்த்துவிட்டு வர வேண்டுமாம். மரனெல்லோவில் உள்ள ஃபெராரி கண்காட்சியகத்தைச் சேர்த்தவன் அண்ணன் மகன். செப்பாங்கில் 1999 முதல் ஓடிய ஃபார்முலா 1 பந்தயம் 2017இல் நின்றபோது அவன் பாலர் பள்ளியில் இருந்தான். பார்க்க முடியாத அந்தக் குறையை இத்தாலியில் தீர்க்கச் சொல்கிறான். அவன் போகவில்லை, அத்தை போய்ப் பார்த்தால் போதும் என்கிறான். கோமோ ஏரி பெரியம்மா மகளின் கைவண்ணம். 2018இல் தீபிகா படுகோனும் ரன்வீர் சிங்கும் அங்கேதான் கல்யாணம் செய்துகொண்டார்கள் என்பது அவர் காட்டும் ஆதாரம். கூப்பிடாத கல்யாணத்துக்குப் பல ஆண்டு கழித்துப் போய் மண்டபத்தை மட்டும் பார்த்துவிட்டு வருவதை எவ்வகையில் அடக்குவது என்று தெரியவில்லை. சுவிட்சர்லாந்தைச் சேர்த்தவர் மட்டும் கணக்கில் நுழையாமல் செருகியிருப்பதால் பெயரை ஷீட் காட்டவில்லை. "பக்கத்துலதானே" என்ற குறிப்பு மட்டும் இருக்கிறது.

பீசாவைச் சேர்த்தவர் அப்பா. இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். பீசா கோபுரம் 1173இல் தொடங்கியது, உயரம் 56 மீட்டர் போல. சாய்வு முற்றிப்போனதால் 1990இல் மூடி, நிமிர்த்தும் வேலை பார்த்து, 2001இல்தான் திறந்தார்கள். நம் பேராக்கில் தெலுக் இந்தானில் லியோங் சூன் சோங் 1885இல் கட்டிய கோபுரமும் சாய்ந்துதான் நிற்கிறது. உயரம் 25.5 மீட்டர். வெளியிலிருந்து பார்த்தால் எட்டு மாடி, உள்ளே போனால் மூன்று மாடி. மணி காட்டவும் தண்ணீர் தேக்கி வைக்கவும் கட்டியது. கிள்ளானிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பலாம். கையால் தாங்குவதுபோல் நின்று படம் எடுத்துக்கொள்வதுதான் நோக்கம் என்றால், பாதி உயரக் கோபுரத்தைத் தாங்குவது கைக்கும் இதம். அப்பா இவ்வாதத்தை ஏற்கவில்லை என்பதை நேர்மை கருதிப் பதிவு செய்கிறோம். "அது வேற, இது வேறம்மா" என்பது அவர் மறுப்பு.

இச்செருகல்கள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே வாக்கியம் கிடக்கிறது: "இவ்ளோ தூரம் போயிட்டு அத பாக்காம வர்றதா?" இதனைத் தூரவாதம் என்று இவ்வாய்வு குறிக்கும். தூரவாதத்துக்கும் தூரத்துக்கும் உறவில்லை என்பது நம் முடிவு. கிள்ளானிலிருந்து கூட்டரசு நெடுஞ்சாலையில் மாலை ஜாமில் ஊர்ந்து பிரிக்பீல்ட்ஸ் வந்து சேர்ந்தவரிடம், "இவ்ளோ தூரம் வந்துட்டு தேசிய அருங்காட்சியகம் பாக்கலயா" என்று எவரும் கேட்டதாகச் சான்றில்லை. அந்த அருங்காட்சியகம் 1963 முதல் திறந்திருக்கிறது. நூலாசிரியரின் அலுவலகத்திலிருந்து நடந்தே போய்விடலாம். பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போன பிறகு அவர் அந்தப் பக்கம் போனதில்லை. தூரவாதம் அஞ்சுவது திரும்பி வந்தபின் கொடுக்க வேண்டிய கணக்கை. கல்யாணப் பத்திரிகை வைப்பது மாதிரிதான்: வெனிஸுக்கு வைத்துவிட்டுப் பீசாவை விட்டால் நாளைக்கு முகத்தில் எப்படி விழிப்பது?

"எல்லாத்தையும் போட்டு வை, முடிஞ்சத பாரு" என்று கூறும் மாற்றுக் கருத்தாளரும் உண்டு. நூலாசிரியரின் கணவர் இக்கட்சி. அது பொருந்தாது. என்னை? இத்தாலியில் பேர் பெற்ற இடங்கள் பல, நேரம் குறித்த சீட்டு இல்லாமல் வாசலிலேயே நிறுத்திவிடும். மிலானில் டாவின்சியின் இறுதி இராவுணவு ஓவியத்தைப் பார்க்க 15 நிமிடந்தான், அதற்கும் முன்பதிவு வேண்டும். ஆகவே போட்டு வைத்தது ஒவ்வொன்றும் காசு கட்டி வைத்ததாகிறது. காசு கட்டினதை விட்டுவிட்டு நிழலில் உட்காரும் மனம் நம்மவர்க்கு இல்லை. மேலும் கடைசிப் படியில் ஞாயிற்றுக்கிழமை வத்திக்கான் அருங்காட்சியகமும் திங்கட்கிழமை பிளாரன்ஸின் உஃபிசி கூடமும் போடப்பட்டுள்ளன. முன்னது மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் அடைப்பு. பின்னதற்குத் திங்கள் விடுமுறை. இவ்விரு கதவுகளும் சாத்தியிருப்பதால் கிடைக்கும் நேரம்தான் அப்படியில் காணப்படும் ஒரே ஓய்வு.

களைப்பை அளக்க ஓர் அலகு தேவைப்படுகிறது. பத்துமலையில் 272 படி. ஆதலால் 272 படியை ஒரு பத்துமலை என்று கொள்வோம். காவடியும் விரதமும் இவ்வளவையில் சேரா. பிளாரன்ஸ் பேராலயக் குவிமாடத்துக்கு 463 படி, அதாவது 1.7 பத்துமலை. பக்கத்து மணிக்கூண்டு 414 படி, 1.5 பத்துமலை. இவ்விரண்டையும் ஒரே காலையில் செருகியிருக்கிறார்கள். கூட்டினால் 3.2 பத்துமலை. மறுநாள் ரோமில் புனித பேதுரு பேராலயக் குவிமாடம், அடியிலிருந்து ஏறினால் 551 படி, இரண்டு பத்துமலைக்கு ஒரு கால் தூக்கும் அளவு கூட. தைப்பூசத்தன்று ஒரு தடவை ஏறி இறங்கிவிட்டு மூன்று நாள் தைலம் தேய்த்துக்கொள்ளும் குடும்பம் இதைச் சேர்த்திருக்கிறது.

மேற்கண்டவற்றிலிருந்து மூன்று சூத்திரங்கள் பெறப்படும்.

இறங்குநாள் என்பது நாளெனப் படாஅது;
உறங்குநாள் என்றே உரைத்திசி னோரே.

இச்சூத்திரம் என்னுதலிற்றோவெனின், போய் இறங்கிய நாளில் எதையும் வைக்கலாகாது என்பது உணர்த்துதல் நுதலிற்று. கோடையில் இத்தாலி நமக்கு ஆறு மணி நேரம் பின்னே நிற்கிறது, குளிர்காலத்தில் ஏழு. ரோமில் இரவு எட்டுக்கு மேசையில் உட்கார்ந்து பாஸ்தா வரக் காத்திருக்கையில் உடம்புக்கு விடிகாலை இரண்டு. அந்நேரத்துக்கு மாமாக் கடையில் உட்கார்ந்து பழகியவர் தாங்குவார் என்பாருமுளர். பந்தாட்டம் ஓடும் இரவுகளுக்கு மட்டும் அது பொருந்தும்.

தங்கூர் இரண்டே, மூன்றாம் ஊரெனின்
பெட்டி தூக்கலே பெரும்பயன் என்ப.

ரோமிலிருந்து பிளாரன்ஸ் அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரம் என்று காட்டி, ஊர் மாறுவது எளிது என்பர். ரயில் ஒன்றரை மணிதான். அறையைக் காலி செய்வது, கல் பாவிய தெருவில் சக்கரப் பெட்டியை இழுப்பது, மின்தூக்கி இல்லாத மூன்றாம் மாடி, புது அறை தயாராகும்வரை வாசலில் நிற்பது இவையெல்லாம் கால அட்டவணையில் அச்சாவதில்லை. ஓர் ஊர் மாற்றம் அரை நாளைத் தின்னும். ஒரே ஊரில் இறங்கி அங்கிருந்தே ஏறாமல், ஓர் ஊரில் இறங்கி வேறோர் ஊரில் விமானம் ஏறினால் திரும்பி ஓடும் பாடாவது மிச்சம்.

முன்பதிவு ஒருநாட்கு ஒன்றே அமையும்;
பின்பகல் வெறுமையே பேணத் தகுமே.

இதற்கு உரை வேண்டா.

இவற்றைக் கொண்டு மூலபாடத்தை மீட்கையில் எதிர்பாராத ஒன்று நேர்ந்தது. செருகல்களில் ஒன்றை மட்டும் நீக்க முடியவில்லை. அது பதுவா, சேர்த்தவர் சின்னம்மா. செவ்வாய்தோறும் கோலாலம்பூர் ராபர்ட்சன் சாலை அந்தோனியார் ஆலயத்துக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர். பதுவாவில் 1231இல் இறந்த அந்தோனியாரின் கல்லறையைக் கையால் தொட வேண்டும், ஒரு வேண்டுதல் இருக்கிறது என்கிறார். இடைச்செருகல்காரர் அனைவரிலும் 'இவ்ளோ தூரம்' என்று சொல்லாதவர் அவர் ஒருவரே. "பதுவா போட்டுட்டியாம்மா?" என்று மட்டும் கேட்டார். "வழியில இல்ல சின்னம்மா" என்று நூலாசிரியர் சொன்னதற்கு, "சரிம்மா, முடிஞ்சா பாரு" என்று விட்டுவிட்டார். பார்க்காமல் விட்டால் ஊர் என்ன சொல்லும் என்ற ஊருக்கும், ஒருவர் உண்மையிலேயே போக ஆசைப்படும் ஊருக்கும் உள்ள வேற்றுமையை எந்தப் பதிப்பாசிரியரும் மதித்தாக வேண்டும்.

எனவே திருந்திய பாடம் இவ்வாறு அமைகிறது. வெனிஸில் இறங்கிப் பதுவாவில் மூன்று இரவு. வெனிஸ் அங்கிருந்து ரயிலில் அரை மணிதான். மனம் வந்தால் போகலாம். பிறகு ரோமில் மூன்று இரவு, அங்கேயே விமானம். பதுவாவில் நூலாசிரியருக்கும் பொருள் உண்டு. ஸ்க்ரோவென்யி சிற்றாலயத்தில் ஜொத்தோவின் சுவரோவியங்களைக் காட்டுமுன் 15 நிமிடம் ஓர் அறையில் உட்கார வைத்துக் காற்றைச் சீராக்கிக்கொள்கிறார்கள். இத்தாலியில் ஓய்வைச் சீட்டோடு சேர்த்து விற்கும் இடம் வேறெதுவும் எம் பார்வைக்கு வரவில்லை. 1545இல் தொடங்கிய தாவரத் தோட்டத்தில் 1585இல் நட்ட பனை வகை மரம் ஒன்று இருக்கிறது. ஜெர்மானியக் கவி கதே 1786இல் அதைப் பார்த்துத் தாவரங்கள் உருமாறுவது பற்றிய தம் கொள்கையை வளர்த்துக்கொண்டார். அதற்கென்றே கண்ணாடி வீடு கட்டி வைத்துக் காட்டுகிறார்கள். கேரித் தீவுச் செம்பனைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் வெகுநேரம் சிரித்தார்.

பிளாரன்ஸ் என்னாவது என்று வினவலாம். பதுவாவிலிருந்து ரோம் போகும் ரயில் பிளாரன்ஸ் வழியாகத்தான் போகிறது. நிலையத்தில் பெட்டியை வைத்துவிட்டு மூன்று மணி நேரம் நடந்து வரலாம். இது குறைவு என்பார்க்கு முன்னோர் வழக்கைக் காட்டுவோம். இத்தாலியில் ஏறத்தாழ இரண்டு ஆண்டு சுற்றிய அதே கதே, ரோமுக்குப் போகும் அவசரத்தில் பிளாரன்ஸுக்கு ஒதுக்கியதும் மூன்று மணி நேரம்தான். அவருக்குப் புலனக் குழு இல்லாததால் யாரும் கேட்கவில்லை.

திருந்திய பாடம் குடும்பத்தில் வாசிக்கப்பட்டது. தம்பி ஒரு நாள் பேசவில்லை. அண்ணன் மகனுக்கு விமான நிலையத்தில் ஃபெராரி தொப்பி வாங்கித் தருவதாக உடன்பாடு. சின்னம்மா மட்டும் பாடத்தை முழுமனதோடு ஏற்று, அன்றிரவே தம் கடப்பிதழைப் புதுப்பிக்க யாரைப் பார்ப்பது என்று விசாரித்திருக்கிறார்; பதுவாவில் சோறு கிடைக்காது என்பதால் சின்ன ரைஸ் குக்கர் ஒன்றும் எடுத்து வருவாராம். பயணிகள் பட்டியலில் நிகழும் இடைச்செருகல் இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.