கையடக்க வள்ளல்

பல்லிடுக்கில் நீர் பாய்ச்சும் கம்பியில்லா வாட்டர் ஃப்ளாசரே, உன்னைப் புகழாமல் எப்படி இருப்பது? அம்மா கடைவாயில் பிரிட்ஜ் போட்டிருக்கிறார். அதன் அடியில் சாதாரணப் பிரஷ் நுழையாது. சிக்கிய சோற்றுப் பருக்கை ஈற்றை வீங்க வைக்கிறது. அந்த ஈற்றைக் காக்கத்தான் உன்னை வீட்டுக்கு அழைத்து வந்தோம்.

உன் தொட்டி 200 மில்லி. மேசையில் வைக்கும் உன் அண்ணன்மார் 600 மில்லிக்கு மேல் கொண்டு, ஒன்றரை நிமிடம் வரை விடாமல் பாய்ச்சுவார்கள். நீ யாரையும் அவ்வளவு நேரம் காக்க வைப்பதில்லை. மேல்வரிசை முடிந்ததுமே வற்றி, அம்மாவுக்கு ஓய்வு தருகிறாய். ஈரக்கையால் மூடியைத் திறந்து அவர் மறுபடி நிரப்பும்வரை பொறுமையாகக் காத்திருக்கவும் செய்கிறாய்.

உன் குலம் பெரிது. 1962-இல் அமெரிக்காவின் கொலராடோவில், ஜெரால்டு மொயர் என்ற பல் மருத்துவரும் ஜான் மேட்டிங்லி என்ற பொறியாளரும் உன் மூதாதையை உருவாக்கினார்கள். அந்த வழியில் வந்த மேசைக் கருவிகள் பலவற்றில் பத்துப் படி அழுத்தம் உண்டு. மிகக் குறைந்த படியில் தொடங்கி, ஈறு பழகப் பழக ஏற்றிக்கொள்ளலாம். உனக்கு அந்தத் தயக்கம் இல்லை. உன் மூன்று படிகளில் ‘மென்மை’ என்று எழுதிய முதல் படியிலேயே அம்மா கண்ணை மூடிக்கொண்டார். வலிமையை ஒளித்து வைக்கத் தெரியாத வெள்ளை மனம் உனக்கு!

ஐபிஎக்ஸ்7 என்ற பட்டமும் பெற்றிருக்கிறாய். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரைமணி நேரம் கிடந்தாலும் உனக்கு ஒன்றும் ஆகாது. உன் உடலுக்கு இவ்வளவு உறுதி சொல்கிற பெட்டி, ஈற்றுக்கு நீ செய்யும் நன்மைக்கு ஒரு சான்றும் காட்டவில்லை. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் சில கருவிகளுக்கு வழங்கும் ஏற்பு முத்திரையைப் போல எதையும் நீ தேடிப் போகவில்லை. பட்டம் ஒன்றே போதும் என்ற நிறைவு உனக்கு.

‘காரையை நீக்கும்’ என்று உன் பெட்டி முழங்குகிறது. பல்லில் கெட்டிப்பட்ட காரையை எந்த நீர்த்தாரையும் பெயர்க்காது. மருத்துவர் செய்யும் ஸ்கேலிங்தான் எடுக்கும். நீயும் அதைத் தொடவில்லை. அடுத்தவர் தொழிலில் கை வைக்காத அறம் உன்னுடையது.

விசுவாசத்திலும் உனக்கு இணையில்லை. நீர் பாயும் முனையைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். உன் முனையோ எந்தக் கடையிலும் தனியாகக் கிடைக்காது. எங்கள் போர்த் தண்ணீரின் உப்பு படிந்து அது அடைத்துக்கொண்ட அன்றே நீயும் உடன்கட்டை ஏறிவிட்டாய்.

நீ நல்ல ஆசானும்கூட. தொட்டி எத்தனை மில்லி, முதல் படி புண்பட்ட ஈறு தாங்குமளவு மென்மையா, உதிரி முனை தனியே கிடைக்குமா என்று மூன்று கேள்விகளை எங்களுக்குக் கற்றுத் தந்திருக்கிறாய். உன் பெட்டியில் அச்சிட்ட எந்த எண்ணும் அவற்றைக் கேட்கச் சொல்லவில்லை.

இன்று அலமாரியில் ஒரு கீறலும் இல்லாமல் மின்னுகிறாய். அம்மா இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, கம்பி வளைந்த சின்னப் பல்லிடை பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு கண்ணாடி முன் நிற்கிறார்.