உறைபெட்டிக்கு வரும் முறைக்காய்ச்சல்

ஃப்ரீசர் விட்டுவிட்டுச் சூடாகும் நோயை இக்கட்டுரை முறைக்காய்ச்சல் எனக் குறிக்கும். குறிகளாவன: வெள்ளியன்று கல்லாக இருந்த குல்ஃபி சனியன்று பாயசமாகும். ஞாயிறன்று மெக்கானிக் வந்து கை வைக்கையில் பெட்டி மைனஸ் 18 டிகிரியில் சமர்த்தாக இருக்கும். "நல்லாத்தானே சார் இருக்கு?" என்பார். வந்து போன கூலி 350 ரூபாய்.

காரணம் பற்றி எங்கள் வீட்டில் இரு மதங்கள் உண்டு. மாமனார் கேஸ்வாதி. "கேஸ் இறங்கிடுச்சு மாப்பிள்ளை" என்பது அவரது மூலச் சூத்திரம். என் மனைவி மின்வாதி.

கேஸ்வாதம் பொருந்தாது. என்னை? கசிந்து போன கேஸ் ஞாயிற்றுக்கிழமை மனம் மாறித் திரும்பி வருவதில்லை என்க. மின்வாதம் சற்று வலுவுடையது. வோல்டேஜ் இறங்கினால் கம்ப்ரசர் கிளம்ப முடியாமல் முக்கும். 'டிக்'கென்று ஓவர்லோடு கட் ஆகும். சூடு ஆறியதும் மறுபடி முயலும். ஆனால் குல்ஃபி இளகிய இரவு கம்ப்ரசர் விடியவிடிய ஓடியது. சுவருக்கு இந்தப் பக்கம் தூங்காமல் கிடந்தவன் நான்.

உண்மையை அறியும் அளவைகள் மூன்றனுள் உரை சண்டையில் முடிந்தது. காட்சியோ மெக்கானிக்கைக் கண்டால் வேடம் மாற்றுகிறது. எஞ்சியது கருதல். அதற்குத் தூங்காத சாட்சி ஒன்று வேண்டும். ஊறுகாய் வந்த பிளாஸ்டிக் டப்பாவில் தண்ணீர் ஊற்றி உறையவைத்து, மேலே ஒரு ரூபாய் நாணயம் வைத்தேன். பனி உருகினால் நாணயம் இறங்கும். திரும்ப உறைந்தால் இறங்கிய இடத்திலேயே மாட்டிக்கொள்ளும். நான்காம் நாள் பார்த்தபோது அது டப்பாவின் பாதி ஆழத்தில், சாய்ந்து, பனிக்குள் புதைந்திருந்தது.

அடுத்து, பால் கணக்குச் சீட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்தேன். மூன்று மூலைகளில் பிடித்தது. கீல் பக்கக் கீழ் மூலையில் வழுக்கிக்கொண்டு வந்தது. ரப்பர் மடிப்பில் போன கோடையின் ரோஸ்மில்க் காய்ந்து பக்குத் தட்டியிருந்தது.

வழக்கு அத்துடன் தெளிந்தது. அந்த இடுக்கில் ஈரக்காற்று நுழைகிறது. உள்ளே காயிலில் பனியாகப் படிகிறது. காயில் அடைபட, ஃபேன் சுற்றியும் குளிர் வெளியே வருவதில்லை. அதுவே காய்ச்சல். சில மணிக்கொரு தரம் டீஃப்ராஸ்ட் ஹீட்டர் எரிந்து பனியைக் கரைக்கும். அடைப்புப் போதுமளவு கரைந்த நாளில் வழி திறந்து, குளிர் திரும்பும். அதுவே மெக்கானிக் வரும் ஞாயிறு.

வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்தேன். விறைத்திருந்த ரப்பர் இளகி, கதவோடு ஒட்டியது. புது டப்பாவில் நாணயம் 11 நாளாக மேலேயே இருக்கிறது.

மாமனாரிடம் அந்த மூலையைத் தொட்டுக் காட்டினேன். குனிந்து, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, நெடுநேரம் பார்த்தார்.

"அதான் சொன்னேனே மாப்பிள்ளை. கேஸ் இந்த வழியாத்தான் போயிருக்கு."