மச்சானுக்கும் சீட்டு இல்லை

தண்டலத்தில் நின்று எந்தப் பக்கம் கல்லை விட்டெறிந்தாலும் ஏதாவது ஒரு கம்பெனியின் காம்பவுண்டுச் சுவரில்தான் போய் விழும். காரும் கண்ணாடியும் செல்போனும் புல்லட்டும் இந்த வட்டாரத்தில் செய்யப்பட்டு ஊர் உலகமெல்லாம் போகின்றன. ஆனாலும் காஞ்சிபுரம் மாவட்டத்துச் சரக்குகளில் தில்லியில் ரொம்ப நாளாக விலைபோவது வேறொன்று. ஒரகடம் வழியாக வாலாஜாபாத் போய், பாலாற்றைத் தாண்டினால் உத்திரமேரூர். ஒரு ஷிஃப்டு முடிவதற்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் வெட்டி வைத்திருக்கும் தேர்தல் விதிகள்தான் அந்தச் சரக்கு. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரே அதை எடுத்துச் சொன்னார். அன்று முதல் ‘உலகுக்கு ஓட்டுப் போடக் கற்றுக்கொடுத்தவன் தமிழன்’ என்று குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் பெரியப்பாக்களின் தொல்லை தாங்கவில்லை.

பெருமைப்படட்டும். கல்வெட்டில் இருப்பதைத் தெரிந்துகொண்டு பெருமைப்பட்டால் இன்னும் விசேஷம். அதில் ஓட்டு என்கிற சமாச்சாரமே கிடையாது. குலுக்கல்தான். பண்டிகைக்கு ஜவுளிக்கடையில் கூப்பன் கொடுத்துக் குலுக்குவார்களே, அதேதான். கடைக்காரர்கள் செய்யாத முன்னேற்பாடுகள் சிலவற்றை உத்திரமேரூர்க்காரர்கள் செய்தார்கள். கதையே அதில்தான் இருக்கிறது.

வருஷம் 919. முதலாம் பராந்தகச் சோழன் பட்டத்துக்கு வந்து பன்னிரண்டாம் ஆண்டு. உத்திரமேரூர்ச் சபை கூடுகிறது. மேலிடப் பார்வையாளராகத் தத்தனூர் மூவேந்தவேளான் என்ற அதிகாரி வந்து உட்கார்ந்திருக்கிறார். வாரியங்களுக்கு, அதாவது ஊர்க் கமிட்டிகளுக்கு, ஆள் எடுப்பது எப்படி என்று விதி எழுதுகிறார்கள், கல்லில் வெட்டுகிறார்கள், அவரவர் வீட்டுக்குப் போகிறார்கள். விஷயம் முடிந்தது என்று பார்த்தால், இரண்டே வருஷத்தில், 921இல், மறுபடியும் கூட்டம். இந்தத் தடவை சோழநாட்டிலிருந்து சோமாசிப்பெருமான் என்று வேறொரு அதிகாரி. மறுபடியும் விதிகள், மறுபடியும் உளி. நடுவில் என்ன ரகளை நடந்தது என்பதைக் கல்லில் வெட்டவில்லை. கோயில் திருவிழாக் கமிட்டியிலோ அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்திலோ ஒரு வருஷம் இருந்தவருக்கு அதை வெட்டிக் காட்ட வேண்டிய அவசியமும் இல்லை.

மாறிய விதிகளில் ஒன்று வயது. 919இல் முப்பதிலிருந்து அறுபது வரை. 921இல் முப்பத்தைந்திலிருந்து எழுபது வரை. இளவட்டங்களை வெளியே தள்ளிவிட்டு அறுபதைத் தாண்டிய பெருசுகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். விதியைத் திருத்தியவர்களின் வயது என்ன என்று நான் வேறு சொல்ல வேண்டுமா?

மற்றத் தகுதிகளையும் பார்ப்போம். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சுமாராக ஒன்றரை ஏக்கருக்கு மேல். இன்றைக்கு ஒரகடம் சாலையில் அவ்வளவு நிலம் வைத்திருப்பவர் வாரியத்துக்கெல்லாம் நிற்க மாட்டார், நேராக எம்.எல்.ஏ. சீட்டுக்கே முயற்சி பண்ணுவார். சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருக்க வேண்டும். வேதம் தெரிந்திருக்க வேண்டும், பிறருக்கு ஓதுவிக்கவும் தெரிய வேண்டும். நிலம் அரைக்கால் வேலிதான் என்றால், ஒரு வேதத்தோடு பாஷ்யம் ஒன்றும் கூடுதலாகத் தெரிந்திருந்தால் சலுகை உண்டு. ஆக, உத்திரமேரூர் என்ற பிராமணச் சதுர்வேதிமங்கலத்து நிலக்கிழார்கள் தங்களுக்குள் குலுக்கிக்கொண்ட கூட்டம் இது. அந்த நிலத்தை உழுதவன் பெயர் ஓலையில் ஏறாது. பெண்கள் பெயர் ஏறாது. வாடகை அறையில் ஆறு பேராகப் படுத்தெழுந்து நைட் ஷிஃப்டு பார்க்கிற நம் பையன்கள் பராந்தகன் காலத்துக்குப் போனால், குடத்தைக் கழுவி வைக்கக்கூட யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். இதைச் சொன்னால் பெரியப்பா குழுவிலிருந்து வெளியேறிவிடுகிறார்.

ஆனாலும் அந்தக் கல்வெட்டின் மேல் எனக்கு ஒரு மரியாதை உண்டு. யார் வரலாம் என்ற பட்டியலால் வந்ததில்லை அது. யார் வரவே கூடாது என்ற பட்டியலால் வந்தது.

முதல் ஆள், முன்பு வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன். சரி, நியாயம். அங்கே நிறுத்தியிருந்தால் சாதாரண விதி. நிறுத்தவில்லை. அவனுடைய அம்மாவின் அக்கா தங்கை பெற்ற பிள்ளைகள் கூடாது. அத்தை பிள்ளை கூடாது, மாமன் பிள்ளை கூடாது. தாய்மாமன் கூடாது. அப்பாவோடு பிறந்தவன் கூடாது, தன்னோடு பிறந்தவன் கூடாது. பெண் கொடுத்த மாமனார் கூடாது. பெண்டாட்டியோடு பிறந்த மச்சான் கூடாது. அக்கா தங்கையைக் கட்டியவன் கூடாது, அவர்கள் பெற்ற பிள்ளைகள் கூடாது. மகளைக் கட்டிய மருமகன் கூடாது. பெற்ற அப்பன், பெற்ற மகன், கூடவே கூடாது. கல்யாணப் பத்திரிகையில் ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்று அச்சடிக்கிற மொத்தக் கும்பலும் அவுட்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தனக்கு வேண்டாம் என்று ஒதுங்கிவிட்டு மச்சான் பெயரில் காண்ட்ராக்ட் எடுப்பது ஏதோ நம் காலத்துக் கண்டுபிடிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தோம். 921லேயே அந்த வித்தை இருந்திருக்கிறது, அதற்கு ஆப்பும் இருந்திருக்கிறது. பட்டியலைத் திரும்பத் திரும்பப் பார்த்ததில் ஒரே ஓட்டை அகப்பட்டது. சகலை அதில் இல்லை. விதியை எழுதிய மகானுபாவர் யாருக்குச் சகலை என்று தெரிந்துவிட்டால் சோழர் வரலாற்றில் ஒரு புது அத்தியாயம் எழுதலாம்.

பஞ்சமகாபாதகம் செய்தவன், பிறன் பொருளைத் திருடியவன், கள்ளக் கையெழுத்துப் போட்டவன், கழுதை ஏறியவன் என்று பட்டியல் மேலும் போகிறது. கழுதை ஏறியது சவாரிக்காக அல்ல. தப்புச் செய்தவனைக் கழுதைமேல் உட்கார வைத்து ஊரைச் சுற்றிக் கொண்டுவருவது அந்தக் காலத்துத் தண்டனை. ஏறி இறங்கியவனுக்கு உயிருள்ள வரை வாரியம் கிடையாது. நம் காலத்தில் ஜெயிலிலிருந்து வருகிறவரைத் திறந்த ஜீப்பில் ஏற்றி, மாலை போட்டு, அதே ஊரைத்தான் சுற்றிக் கொண்டுவருகிறோம்.

இப்போது குலுக்கல். ஊர் முப்பது குடும்பு, பன்னிரண்டு சேரி. குடும்பு என்றால் இன்றைய வார்டு, சேரி என்றால் தெரு. ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர்கள் பெயரைத் தனித்தனி ஓலையில் எழுதிக் கட்டாகக் கட்டி, எந்தக் குடும்பு என்று மேலே ஒரு வாயோலை வைத்து, குடத்தில் போடுகிறார்கள். சபையார் குழந்தை குட்டி முதல் கிழவர் வரை வந்தாக வேண்டும். கோயில் நம்பிமார்கள் ஒருவர் பாக்கியில்லாமல் உள் மண்டபத்தில் இருக்க வேண்டும். அவர்களில் மூத்தவர் எழுந்து, எல்லார் கண்ணுக்கும் படும்படி குடத்தை உயர்த்திப் பிடிக்கிறார். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுக்கிறான். அந்தக் கட்டைப் பிரித்து வேறொரு குடத்தில் கொட்டிக் கலைக்கிறார்கள். அதிலிருந்து பையன் ஒரே ஒரு ஓலையை எடுத்து மத்தியஸ்தன் கையில் தருகிறான். அதை மத்தியஸ்தன் எப்படி வாங்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. ஐந்து விரலையும் விரித்து, உள்ளங்கையில் வாங்க வேண்டும். வாங்கி வாசிக்க வேண்டும். அவன் வாசித்தால் மட்டும் போதாது, உள்ளே இருக்கும் நம்பிமார்கள் அத்தனை பேரும் அதே ஓலையை வாசிக்க வேண்டும். அப்புறம்தான் பெயர் செல்லும்.

இதில் ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் ஒரு பழைய திருட்டு நிற்பது உங்களுக்கும் தெரிகிறதல்லவா? விரலை விரிக்கச் சொன்னது ஏன்? எவனோ ஒரு மத்தியஸ்தன் விரலிடுக்கில் ஒரு ஓலையைச் சொருகிக்கொண்டு வந்திருப்பான். எல்லாரும் வாசிக்க வேண்டியது ஏன்? ஓலையில் ஒரு பெயர், வாயில் ஒரு பெயர் என்று எவனோ வாசித்திருப்பான். சந்தேகமே உருவான ஒரு சபை சொந்தக்காரனையும் நம்பவில்லை, பூசாரியையும் நம்பவில்லை, தன் நடுவரையும் நம்பவில்லை. அந்த வரைக்கும் அவர்கள் எனக்குச் சாமிகள்.

தேர்வானவர்களை ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வத்சர வாரியம் என்று பிரித்துவிடுவார்கள். பொன்னைப் பார்த்துக்கொள்ளத் தனியாகப் பொன் வாரியம். பதவி 360 நாள். தப்பு செய்தால் நடுவிலேயே வீட்டுக்கு. ஒருமுறை இருந்தவனுக்கு அடுத்த மூன்று வருஷம் குடத்தில் இடமில்லை.

இந்த நேரத்தில் சீமையில் என்ன நடந்தது என்று எட்டிப் பார்க்காமல் விட்டால் பெரியப்பா கோபித்துக்கொள்வார். இங்கிலாந்தில் ரகசிய ஓட்டு வந்ததே 1872இல்தான். அதுவரை யாருக்கு ஓட்டு என்று ஊரறியச் சொல்ல வேண்டும். பண்ணையார் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருப்பார். அந்த 1872இல் பான்ட்ஃபிராக்ட் என்ற ஊரில் முதன்முதலாக ரகசிய ஓட்டுப் பெட்டி வைத்தபோது, பெட்டிக்கு அரக்கு முத்திரை குத்த அவர்கள் கொண்டுவந்தது உள்ளூர் அதிமதுர மிட்டாய்க் கம்பெனியின் அச்சு. நம்மவர்கள் குடத்தைக் குலுக்கி 951 வருஷம் கழித்து, அவர்கள் மிட்டாய் முத்திரைக்கு வந்து சேர்ந்தார்கள். குலுக்கலையும் அவர்கள் விடவில்லை. 2017இல் நார்தம்பர்லாந்து கவுன்சில் தேர்தலில் சவுத் பிளைத் வார்டில் இருவருக்கும் சரிசமமான ஓட்டு. குச்சி உருவச் சொல்லித்தான் முடிவு பண்ணினார்கள். நம் சட்டத்திலும் ஓட்டு சமமானால் திருவுளச்சீட்டுதான்.

சீமைக்காரர்கள் 1688இல் மதராஸுக்கும் ஒரு மாநகராட்சியைக் கொண்டுவந்து வைத்தார்கள். மேயர், பன்னிரண்டு ஆல்டர்மேன், சிவப்பு அங்கி, எல்லாம் லண்டன் மாதிரியே. உள்ளூர்ப் பெரிய மனிதர்கள் சிலரையும் ஆல்டர்மேன் ஆக்கினார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி வரி கேட்டால் ஜனங்கள் முறைப்பார்கள், அவர்கள் ஆட்களே அங்கி போட்டுக்கொண்டு கேட்டால் கொடுத்துவிடுவார்கள் என்பது லண்டனிலிருந்த கம்பெனித் தலைவர் ஜோசையா சைல்டின் கணக்கு. ஜனங்கள் அங்கியை வேடிக்கை பார்த்தார்கள். வரி மட்டும் வரவில்லை.

அதே மாநகராட்சியில் 1973இல் மஸ்டர் ரோல் ஊழல் வெடித்தது. இல்லாத தொழிலாளிகள் பெயரை வருகைப் பதிவேட்டில் எழுதிச் சம்பளம் எடுத்த வித்தை. மன்றத்தைக் கலைத்தார்கள். மறுபடி தேர்தல் நடந்தது 1996இல். நடுவில் இருபத்துமூன்று வருஷம் கவுன்சிலரே கிடையாது. உத்திரமேரூரில் கணக்குக் காட்டாதவனின் மச்சானைத்தான் தள்ளி வைத்தார்கள். சென்னையில் மொத்த ஊரையே தள்ளி வைத்தார்கள்.

நம் காஞ்சிபுரத்துக் கதை அதற்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தலை, இடஒதுக்கீட்டு அறிவிப்பு முறையாக இல்லை என்று உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதோடு சரி. 2019 டிசம்பரில் மற்ற மாவட்ட ஊராட்சிகளுக்குத் தேர்தல் வந்தபோது, காஞ்சிபுரத்தைப் பிரித்துச் செங்கல்பட்டைப் புது மாவட்டமாக்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. வார்டு வரையறை முடியவில்லை என்று இப்படிப் பிரித்த ஒன்பது மாவட்டங்களை மட்டும் ஓரம் கட்டினார்கள். கடைசியில் 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில்தான் இங்கே வாக்குப்பதிவு. குடவோலைக்குப் பெயர்போன உத்திரமேரூர் ஒன்றியம் உட்பட, ஐந்து வருஷம் தனி அலுவலர் ஆட்சி. குடமும் இல்லை, ஓலையும் இல்லை, மச்சானும் இல்லை.

வந்த தேர்தலில் கையில் நான்கு சீட்டுகள். வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். நில உச்சவரம்பு பார்க்கும் காலம் வந்த பிறகு கால் வேலி கேட்பாரில்லை. பாதி இடம் பெண்களுக்கு. உத்திரமேரூர்ப் பெருசுகள் எழுந்து வந்து பார்த்தால் மயங்கி விழுவார்கள். விழட்டும், நமக்குச் சந்தோஷம்தான். ஆனால் அவர்கள் பட்டியலில் விட்டுப்போன இன்னொரு உறவு இங்கே கடை விரித்திருக்கிறது. பெண்ணே பதவிக்கு வராத ஊரில் ‘புருஷன் கூடாது’ என்று எழுத அவர்களுக்குத் தோன்றவில்லை. அந்த இடைவெளியில் ‘தலைவரின் கணவர்’ என்று ஒரு பதவி, அரசாணை இல்லாமலே தமிழ்நாடு முழுக்க உருவாகிவிட்டது. தலைவர் கையெழுத்துப் போடுவார், கணவர் பேசுவார், வெள்ளை வேட்டியும் ஸ்கார்ப்பியோவும் அவருக்கே. எல்லா ஊரிலும் இப்படி இல்லைதான், நான்கு வார்த்தையில் கணவரை உட்கார வைத்த தலைவிகளும் இருக்கிறார்கள். இன்னும் நிறையப் பேர் அதைச் செய்யலாம்.

2021இல் பதவியேற்றவர்களின் ஐந்து வருஷம் 2026 அக்டோபரோடு முடிகிறது. 921ஆம் வருஷத்து விதியில் இன்றைக்கும் உருப்படியாக இருப்பது ஒன்றுதான்: கணக்கு. அதைக் கேட்க வேதமும் வேண்டாம், கால் வேலியும் வேண்டாம். கிராம சபை இப்போது வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஷிஃப்டை மாற்றிக்கொண்டாவது ஒன்றுக்குப் போங்கள். வரவு செலவை வாசிக்கச் சொல்லுங்கள். வாசிக்கிற கையில் ஐந்து விரலும் விரிந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.