பிஸ்டனக் கொன்னது ஆருங்கண்ணு?

வா கண்ணு, உக்காரு. மூஞ்சி ஏன் இத்தன நீளத்துக்குத் தொங்குது? காரு பிஸ்டன் போச்சா? போகட்டும், உசுரா போச்சு?

அதுக்குள்ள உனக்கு எத்தன ரோசனைக்காரனுக! இஞ்சினையே மாத்திப்போடுங்கறான் ஒருத்தன். ரேசு வண்டிக்குப் போடற ஃபோர்ஜ்டு பிஸ்டன் வாங்குங்கறான் இன்னொருத்தன். செல்போன்ல படம் பாத்தே மெக்கானிக் ஆன உன்ற சிநேகிதன் ரீமேப் பண்ணுங்கறான். ஏங்கண்ணு, எழவு வூட்டுல கோடித்துணி என்ன நெறத்துல எடுக்கலாம்னு அத்தன பேரும் பேசறீங்களே, ஆளு எப்பிடிச் செத்தான்னு ஒருத்தனாச்சும் கேட்டீங்களா?

மொதல்ல பிஸ்டன்னா என்னன்னு தெரிஞ்சுக்க. அலுமினியத்துல சிலிக்கான் சேத்து வார்த்தது. சுத்த அலுமினியம் 660 டிகிரியில உருகிரும். ஆனா அதோட மண்டைக்கு மேல எரியற வாயு 2000 டிகிரியத் தாண்டுது. அப்பறம் எப்பிடி உருகாம நிக்குது? பிஸ்டனச் சுத்தி மாட்டியிருக்கற ரிங்கு அந்தச் சூட்டச் சிலிண்டர் சுவத்துக்குக் கடத்தியுடுது. சுவத்துல இருந்து தண்ணி வாங்கிக்குது. அடியால ஆயிலு தெறிச்சு மீதிய ஆத்துது. நீ 3000 ஆர்.பி.எம்.ல போனா நொடிக்கு 50 தடவ மேல போயி 50 தடவ கீழ வருது. இத்தனையும் அந்த ஆயிலயும் தண்ணியயும் நம்பித்தான்.

அந்த ரெண்டையும் நீ கடேசியா எப்பப் பாத்த?

முழிக்காத. வண்டிக்குள்ள தட்டு அகலத்துக்கு டச் ஸ்கிரீன் வெச்சிருக்கற. சீட்டுக்கு உறை, காலுக்கடியில நீல லைட்டு, வாசத்துக்கு ஒரு டப்பா. பானெட்டத் தொறக்கற கம்பி எங்க இருக்குதுன்னு கேட்டா மட்டும் சர்வீஸ்காரனுக்குப் போன் போடற. டிப் ஸ்டிக்க உருவித் தொடைச்சு, மறுக்கா உட்டு எடுத்துப் பாக்க ஒரு நிமிசம் ஆகுமா? அதுக்கு மாசாமாசம் சந்தா கட்டோணுமா? ஓசியில கெடைக்கறதாலதான் அது உனக்கு எளக்காரமாப் போச்சு.

இன்னொரு சங்கதி கேளு. பிஸ்டன் உருண்டைன்னுதான நெனச்சுட்டிருக்கற? இல்லீங்கறேன். இத்தனூண்டு நீள்வட்டமாத்தான் கடைஞ்சிருப்பாங்க. மண்டைப் பக்கம் சின்னது, பாவாடைங்கற அடிப்பக்கம் கொஞ்சம் பெருசு. சூடேறி விரியறப்பதான் அது உருண்டையாகுது. அலுமினியம் வார்ப்பிரும்பப் போல ரெண்டு மடங்கு விரியும், அதுக்குத்தான் இந்தச் சூட்சுமம். பாவாடைக்கும் சுவத்துக்கும் நடுவால உடற சந்து பல வண்டியில 0.05 மில்லிமீட்டருக்கும் கம்மி. தலைமுடி கனங்கூட இல்ல. சூடு காட்டற ஊசி செவப்புக்குப் போனதுக்கு அப்பறமும் பாட்டுக் கேட்டுக்கிட்டே பத்து மைலு ஓட்டுனா அந்தச் சந்து என்னத்துக்கு ஆகும்? பிஸ்டன் சுவத்தக் கவ்வி சீஸ் ஆகாம வேற என்ன பண்ணும்?

அதனால செத்த பிஸ்டனக் கையில வாங்கிப் பாரு. கிழிஞ்ச துணியில தொடைச்சு வெயில்ல திருப்பு. அதுவே வாக்குமூலம் குடுக்கும். பாவாடை சுத்தீலும் இழுவிக் கெடந்தா சூடு, இல்லீனா ஆயிலுப் பஞ்சம். ரிங்கு உக்காரற பள்ளத்துக்கு நடுவால இருக்கற வரப்பு ஒடைஞ்சிருந்தா, இஞ்சின் ரொம்ப நாளா டக்கு டக்குன்னு தட்டியிருக்குது. அந்தச் சத்தம் உன்ற ஸ்பீக்கரத் தாண்டிக் காதுல உழுந்திருக்காது. மண்டையில ஓட்ட உழுந்திருந்தா நெருப்புத் தப்பான நேரத்துல புடிச்சிருக்குது. டீசல் வண்டியா இருந்தா இன்ஜெக்டர் சொட்டுச்சான்னு பாக்கோணும். உராய்ச்சல் கோணலா, சாய்மானமா இருக்குதா? அப்பக் கனெக்டிங் ராடு வளைஞ்சிருக்கும். மழைத்தண்ணி இடுப்பளவு நின்ன ரோட்டுல வீரனாட்டம் உட்டயே, ஞாவகம் இருக்குதா? காத்து போற வழியில தண்ணி போச்சு. காத்து அமுங்கும், தண்ணி அமுங்குமா?

காரணந் தெரியாம புது பிஸ்டன் போட்டா, அதுவும் பழசு போன வழியேதான் போகும். ரேடியேட்டர் அடைப்பு அப்பிடியே இருக்கையில ஃபோர்ஜ்டு பிஸ்டனும் ஒண்ணுதான், களிமண்ணும் ஒண்ணுதான்.

இனி வேலைக்கு வருவோம். ஹெட்ட எறக்கி, சம்ப்பக் கழட்டி, சிலிண்டர அளக்கச் சொல்லு. கண்ணால பாத்து "நல்லாத்தான் இருக்குதுங்"கற மெக்கானிக்குக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்துட்டு வேற ஆளப் பாரு. போர் கேஜ் உட்டு மேல, நடுவுல, அடியில, குறுக்க, நெடுக்க அளக்கோணும். தேய்மானம் கம்பெனி சொன்ன அளவுக்குள்ள இருந்தா ஹோனிங் போதும். மீறியிருந்தா போர் பண்ணி, 0.25 இல்லீனா 0.50 மில்லிமீட்டர் ஓவர்சைஸ் பிஸ்டன், உன்ற வண்டிக்கு எது வருதோ அது. ஒரே சிலிண்டர்தான் நாசம், மத்ததெல்லாம் திடமா இருக்குதா? அந்த ஒண்ணுக்கு ஸ்லீவ் அடிச்சுப் பழைய அளவுக்கே கொண்டாரலாமான்னு கேளு. எல்லா பிளாக்கும் அதுக்கு ஒத்துக்காது, ஆனா கேக்கறதுக்குக் காசா? கோயமுத்தூரு பம்பும் மோட்டாரும் செஞ்சே பொழைக்கற ஊரு. இதச் செய்யற பட்டறைக்கா இங்க பஞ்சம்? இஞ்சினையே மாத்தோணும்ங்கறவன்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளு, "அளந்து பாத்தீங்ளா?"ன்னு. பெரும்பாலும் பேச்சு மாறிரும்.

சாயங்காலம் பட்டறையில போயி சித்த நில்லு. நல்ல கைக்காரன் புது ரிங்க பிஸ்டன்ல மாட்டறதுக்கு மின்னாடி, வெறும் ரிங்கச் சிலிண்டருக்குள்ள வெச்சு, பிஸ்டன் மண்டையால தள்ளிச் சமமா உக்கார வெப்பான். அப்பறம் ரிங்கு வாயோட ரெண்டு முனைக்கும் நடுவால ஃபீலர் கேஜ் தகட்டச் சொருகுவான். 75 மில்லிமீட்டர் போருக்கு ஏறக்கொறைய 0.30 மில்லிமீட்டர் இருக்கோணும். கம்மியா இருந்தா சூட்டுல முனை ரெண்டும் முட்டி ரிங்கே ஒடையும். ஆயிலு தடவின தகடு இழுக்கறப்ப வெரல்ல லேசாப் புடிக்குதா, வழுக்குதான்னு பாத்துத் தலையாட்டுவான். அவன் அதப் பாக்கையில "சீக்கிரம் ஆகுமாண்ணா?"ன்னு கேட்டுப் போடாத.

ஒடைஞ்ச பிஸ்டன் தூளு எங்கெங்க போயிருக்குதுன்னு ஆரும் ரோசிக்கறதில்ல. ஆயிலு போற வழி, ஆயிலு பம்பு, பேரிங்கு, கூலர் இருந்தா அதுக்குள்ளயும் கெடக்கும். அதக் கழுவாம மூடுனா புது பேரிங்க அரைச்சுத் தின்னுரும். கிராங்க அளந்து, ஹெட்டு கோணியிருக்குதான்னு மட்டக்கோலு வெச்சுப் பாத்து, போல்ட்ட டார்க் ரெஞ்ச்சுல முடுக்கச் சொல்லு. முழங்கை பலத்துல முடுக்கறது மாட்டுவண்டி அச்சாணிக்கு ஆகும்.

அம்பாசடர் காலத்துல இப்பிடியா கூத்துன்னு கேப்ப. 1489 சி.சி. இஞ்சின், புளியமரத்தடியில ஹெட்ட எறக்குவாங்க, மெய்தான். அதுக்காவ அந்தக் காலந்தான் ஒசத்தின்னு நான் கதை உடமாட்டேன். பொகையுந் தள்ளும், ஆயிலுங் குடிக்கும். உன்ற இஞ்சின் அதவிட நூறு மடங்கு நேர்த்தி. ஓட்டறவந்தான்...

செரி, வண்டி வந்ததும் மொத நாளே ஆறு பேர ஏத்திக்கிட்டு ஊட்டி மலையேறக் கெளம்பிறாத. கொஞ்ச நாளைக்கு முழுசா மிதிக்காத, ஒரே வேகத்துலயும் ஓட்டாத. மொத ஆயில ஆயிரங் கிலோமீட்டர்லயே எறக்கிப்போடு. கடையில ஒரு பாட்டில் மருந்து காட்டி, இத ஊத்துனா ரிங்கே தேயாதும்பான். நம்பாத. வண்டிப் பொறத்தால "டர்போ"ன்னு ஒட்டி வெச்சிருக்கறயே, அத வேணும்னா அப்பிடியே வெச்சுக்க. உன்ற இஞ்சின்ல டர்போவே இல்லீன்னு பானெட்டத் தொறந்த அன்னைக்கே மெக்கானிக் ஊரெல்லாஞ் சொல்லிட்டான்.