தலை இங்கே, வால் அங்கே

கேள்வி: டான்சானியாவில் குட்டிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். பெயர்ச்சொல், வினைச்சொல் என்றாலே திருதிருவென்று விழிக்கிறார்கள். என்ன செய்ய?
- ஒரு வாசகி, தார் எஸ் சலாம்

பதில்: விழிக்காமல் என்ன செய்வார்கள்? அவர்கள் பேசும் ஸ்வாஹிலியில் ஒரு புத்தகம் ‘கிட்டாபு’, பல என்றால் ‘விட்டாபு’. பன்மை தலையில் இருக்கிறது. ஆங்கிலத்தில் அது வாலில் ஓர் ‘எஸ்’. வினைச்சொல் இன்னும் வம்பு. ‘நினாசோமா’ என்று ஒரே மூச்சில் சொன்னால் நான், நிகழ்காலம், படிப்பு மூன்றும் வந்துவிடும். அதையே ‘ஐ ஆம் ரீடிங்’ என்று உடைத்தால், நடுவில் நிற்கும் ‘ஆம்’ காணாமல் போகத்தான் செய்யும்.

இலக்கண வரையறையை மூட்டை கட்டுங்கள். கட்டளையில் ஆரம்பியுங்கள். ஒருவனைப் பார்த்து ‘ருக்கா!’ என்றாலும் ‘ஜம்ப்!’ என்றாலும் வெறும் வினைதான். முன்னொட்டு, பின்னொட்டுத் தகராறே இல்லை. குதிக்கட்டும், ஓடட்டும். மூச்சு வாங்கும்போது மேசையில் ஒரு பென்சில், பக்கத்தில் மூன்று வைத்து அந்த ‘எஸ்’ஸை உரக்கச் சொல்லவையுங்கள்.

ஒன்று மட்டும்: உங்களை ‘ஹீ’ என்பார்கள். ‘அனாசோமா’ என்றால் அவன் படிப்பதும் அதுவே, அவள் படிப்பதும் அதுவே. மீசையைத் தடவிப் பார்க்காதீர்கள்!