குளிர்கால விருந்தாளி

கேள்வி: குளிர்காலம் முழுக்க வெதுவெதுப்பான கடற்கரையில் நிதானமாகச் சுற்ற ஆசை. அதற்குப் பணக்காரனாகப் பிறந்திருக்க வேண்டுமோ?

பதில்: கொசு உள்ளானாகப் பிறந்திருந்தாலே போதுமே! சுமார் 30 கிராம் எடையுள்ள பறவை. ஆர்க்டிக் குளிருக்குத் தப்பி, பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து கோடியக்கரைக்கு வந்துவிடுகிறது. பெட்டி இல்லை, முன்பதிவு இல்லை. உப்பளச் சேற்றை அலகால் கொத்திக்கொண்டே மாதக்கணக்கில் தங்கும்.

அந்தச் சேற்றுப் புழுக்களைத் தின்று சேர்க்கும் கொழுப்பில்தான் அது ஊர் திரும்ப வேண்டும். சதுப்பு நிலத்தை 'வெறும் தரிசு' என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். 1967 முதல் கோடியக்கரை ஒரு சரணாலயம். பூநாரை, வெளிமான் எல்லாம் உண்டு. மழை ஓய்ந்ததும் தை மாதத்தில் கிளம்புங்கள். பைனாகுலர் அவசியம், உள்ளான் சிட்டுக்குருவி அளவுதான்.