வளைந்த தண்டும் நேரான வழியும்

கேள்வி: மூக்குத் தண்டு வளைந்திருக்கிறது என்கிறார் டாக்டர். ஒரு பக்கம் எப்போதும் அடைப்பு. என் குறட்டை தாங்காமல் மனைவி அடுத்த அறைக்குக் குடிபோய்விட்டார். கத்தி வைக்காமல் சமாளிக்க வழி உண்டா?
- வாசகர், கும்பகோணம்

பதில்: உண்டு. தண்டை நிமிர்த்தும் மருந்து மட்டும் கிடையாது. தண்டு குறுகலான தெரு என்றால், தூசி, ஒவ்வாமையால் வரும் சவ்வு வீக்கம் அங்கே நிறுத்திய லாரி. தெருவை அகலப்படுத்தாமலே லாரியை நகர்த்தலாம்.

முதல் வேலை உப்புநீரால் கழுவுவது. கால் லிட்டர் நீருக்கு அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாக, அயோடின் சேராத உப்பு. கொதிக்கவைத்து ஆறிய நீர்தான். குழாய்த் தண்ணீரை நேராக ஊற்றினால் கூடவே கிருமியும் குடியேறலாம்.

டாக்டர் ஸ்டீராய்டு ஸ்ப்ரே எழுதித் தந்தால், இடது நாசிக்கு வலது கையால், வலதுக்கு இடது கையால் அடியுங்கள். முனை காதுப் பக்கம் பார்க்கட்டும். தண்டின் மேலேயே அடித்தால் ரத்தம் கசியும். முழுப் பலனுக்கு 2 வாரம்கூட ஆகலாம். மூன்றாம் நாளே தூக்கிப் போடாதீர்கள்.

விட்டதும் மூக்கைத் திறக்கும் சைலோமெட்டாசோலின் சொட்டு மருந்து ஆள்மயக்கி. 5 நாளைத் தாண்டினால் அதுவே அடைப்பை உண்டாக்கும்.

இரவில் மூக்கின் மேல் ஒட்டும் பட்டையும், தலைமாட்டில் சற்று உயரமும் உதவும். ஆனால் தூக்கத்தில் மூச்சு நின்று திணறினால் தூக்கப் பரிசோதனை அவசியம். குறட்டை வழக்கில் மூக்கை மட்டும் கைது செய்தால் போதாது. தொப்பையையும் விசாரிக்க வேண்டும்!